அப்பா எண்ணிய தலைகள்

அப்பா போன அன்று வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். கல்யாணச் சாவு. வயது 94. நான்கு பிள்ளைகள், ஒன்பது பேரன் பேத்திகள், கொள்ளுப் பேரன்கள் மூன்று பேர். நெய்ப்பந்தம் பிடிக்க வரிசையாக நின்றதுகளில் கடைசிப் பயல் பந்தத்தைச் சாய்த்துப் பிடித்துவிட்டான். புதுச் சட்டையில் நெய் ஒழுகியதும் ஓவென்று அழுகை. அன்றைக்கு வாய்விட்டு அழுதது அவன் ஒருத்தன்தான் என்று பெரியக்கா பிறகு சொல்லிச் சிரித்தாள்.

எனக்கு அந்த வார்த்தை கேட்கக் கேட்க எரிச்சலாக இருந்தது. நிறைய நாள் இருந்தால் போவது சுலபம் என்று யார் சொன்னது? அறுபது வருஷம் பழகியவரை இழப்பதைவிட முப்பது வருஷம் பழகியவரை இழப்பது கஷ்டமா என்ன? சரி, துக்கத்துக்கு வந்தவர்களிடம் தர்க்கம் பேச முடியுமா. காபி கொடுத்தோம்.

அது 2024 தை. ஒரு வருஷம் கழிந்துவிட்டது. எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று தள்ளிப் போட்டதை இப்போதுதான் எழுதுகிறேன்.

அப்பா ரயில்வேயில் புக்கிங் கிளார்க். 1950-இல் வேலைக்குச் சேர்ந்தபோது அது சவுத் இண்டியன் ரயில்வே, எல்லோருக்கும் எஸ்.ஐ.ஆர். மறு வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி இன்னும் இரண்டு ரயில்வேக்களோடு சேர்த்துத் தெற்கு ரயில்வே ஆக்கினார்கள். அதனால் "தெற்கு ரயில்வேக்கு நான் அண்ணன் முறை" என்பது அப்பாவின் நிரந்தர நகைச்சுவை. புது மாப்பிள்ளை ஒவ்வொருவரிடமும் ஒரு தடவை சொல்வார். என் வீட்டுக்காரர் மட்டும் ஐந்தாறு தடவை கேட்டிருக்கிறார்.

சீர்காழியிலும் கும்பகோணத்திலும் கொஞ்ச காலம் இருந்தார். மற்றபடி மாயவரம் ஜங்ஷன்தான். 1982-இல் ஊருக்கு மயிலாடுதுறை என்று பெயர் மாறியும் எங்கள் வீட்டில் மாயவரம் மாயவரமாகவே இருந்தது. ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா என்று பழமொழி சொல்லும் ஊர்க்காரர்கள் பெயரை மட்டும் விட்டுக்கொடுப்பார்களா? அப்போது எல்லாம் மீட்டர் கேஜ். சிதம்பரம் பக்கம் ஒரு பாதை, கும்பகோணம் பக்கம் ஒன்று, திருவாரூர் பக்கம் ஒன்று. நாலாவது, 1926-இல் போட்ட தரங்கம்பாடிக் கிளைப் பாதை. செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகக் கடலுக்குப் போய் நிற்கும். அந்தக் கடைசிப் பாதையைப் பற்றி அப்புறம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மதிய ஷிப்ட் நாட்களில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. தூக்கை வாங்கிக்கொண்டு, யாரும் பார்க்கவில்லையென்றால் என்னை உள்ளே விடுவார். கவுண்டருக்குப் பின்னால் சுவரை அடைத்தபடி மர அலமாரி. ஊருக்கு ஒரு அறை. அதில் அட்டை டிக்கெட்டுகள் வரிசை எண் மாறாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். இரண்டேகால் அங்குலத் தடித்த அட்டை. "கும்பகோணம் ரெண்டு" என்று வெளியே குரல் கேட்கும்போதே அப்பாவின் விரல் கும்பகோணத்தில் இருக்கும். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். உருவின டிக்கெட்டை இரும்பு மிஷினின் வாயில் செருகி இழுத்தால் டக். தேதி விழுந்துவிடும். மறுபடி டக். ஒரு கையில் டிக்கெட், இன்னொரு கையில் சில்லறை, இரண்டும் ஒரே நேரத்தில் ஜன்னலைத் தாண்டும். ஒரு நாள் என்னை ஸ்டூல்மேல் ஏற்றி, ஒரு டிக்கெட்டை என் கையில் கொடுத்து அடிக்கச் சொன்னார். மெதுவாக இழுத்ததில் தேதி பாதிதான் விழுந்தது. பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தேன். "தயங்கினா அப்படித்தான் பாப்பா, ஒரே இழு" என்று அதே டிக்கெட்டை வாங்கி இன்னொரு டக். அந்தப் பயணி எந்த ஊருக்குப் போனாரோ, இரண்டு தேதி விழுந்த டிக்கெட்டோடு.

வேலையின் கஷ்டம் ஷிப்ட் முடியும்போதுதான். ஒவ்வொரு ஊருக்கும் காலையில் முதல் டிக்கெட்டில் என்ன எண், இப்போது என்ன எண், கழித்தால் இத்தனை விற்றது, பெருக்கினால் இத்தனை ரூபாய். பெட்டியில் அவ்வளவு இருக்க வேண்டும். குறைந்தால் கைக்காசு. ஐப்பசி முழுவதும் துலாக் கட்டத்தில் முழுக்குப் போட ஜனம் வரும். கடைசி நாள் கடைமுகத்துக்கு ஸ்டேஷன் தாங்காது. ஜன்னலுக்குள் பத்துக் கை நீளும். ஒரு கடைமுகத்தில் 37 ரூபாய் குறைந்துவிட்டது. அப்போது அது சின்னத் தொகை இல்லை. யாரோ ஒரு கிழவிக்கு நூறு ரூபாய்க்குச் சில்லறை கொடுத்ததில் தப்பு என்று நள்ளிரவுவரை யோசித்துக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்து என்ன பிரயோஜனம்? கிழவி முழுக்குப் போட்டுவிட்டு எப்போதோ ஊர் போய்ச் சேர்ந்திருப்பாள். "போகட்டும், காவேரியில போட்டதா நெனச்சுக்குவோம்" என்று அம்மா சொன்னதற்கு, "காவேரில போட்டா புண்ணியமாவது வரும்" என்றார். அந்த மாதம் அவருக்கு வெற்றிலை பாக்கு கிடையாது. எங்களுக்கு எதுவும் குறையவில்லை. இதை அன்று கவனித்தேன் என்று சொன்னால் பொய். ரொம்ப வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும்.

1973-இல் அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் படுக்கை. அப்பாயிக்குக் கண் மங்கிவிட்டது. மூன்று பெண் பிள்ளைகள், மூன்று பேருக்கும் இடுப்புவரை முடி, பள்ளிக்கூடத்தில் இரட்டைப் பின்னல் கட்டாயம். அப்பாவுக்குக் காலை ஆறு மணி ஷிப்ட். நாலு மணிக்கு எழுந்து சோறு வடித்து, ரசம் வைத்து, எங்களை வரிசையாக உட்கார வைப்பார். பெரியக்கா, சின்னக்கா, நான். ஆறு பின்னல். பின்னத் தெரியாது அவருக்கு. தெரிந்ததெல்லாம் கட்டத் தெரியும். சேகரித்த டிக்கெட்டுகளைச் சணல் கயிற்றால் கட்டிக் கட்டிப் பழகிய கை. இழுத்துக் கட்டினாரென்றால் புருவம் மேலே ஏறிக்கொள்ளும். வகுப்பில் டீச்சர், "ஏண்டி எப்பப் பாத்தாலும் ஆச்சரியமாவே பாக்குற?" என்று கேட்டார்கள். சாயங்காலம் அவிழ்க்கும்போது அந்த முடிச்சை அம்மாவால்கூட எடுக்க முடியாது. அவரே வர வேண்டும். பகல் ஷிப்ட் முடிந்து வந்து, கைகால் கழுவிவிட்டு, ஆறு முடிச்சையும் பொறுமையாக எடுத்துவிட்டுத்தான் காபி குடிப்பார்.

ரயில்வேக்காரன் வீட்டுச் சொத்து என்று ஒன்று உண்டென்றால் அது பாஸ்தான். வருஷத்துக்கு மூன்று செட். குடும்பத்தோடு எங்கு வேண்டுமானாலும் போய் வரலாம். பாஸில் யார் யார் என்று எழுதியிருக்கும்: தான், மனைவி, மகன், மகள்கள், தன் தயவில் இருக்கும் விதவைத் தாய். எங்கள் வீட்டு ரேஷன் கார்டில்கூட அவ்வளவு ஒழுங்காகப் பெயர் இருந்ததில்லை. ஆனால் மூன்று செட் இருந்தும் வருஷத்துக்கு ஒரு தடவை கிளம்பினாலே பெரிது. பாஸ் டிக்கெட்டுக்குத்தான்; போகிற இடத்தில் இட்லிக்கு யார் பாஸ் கொடுப்பார்கள்?

பெரிய பயணம் என்றால் 1972-இல் காசி போனதுதான். அப்பாயிக்கு வேண்டுதல். மாயவரத்தில் ஏறி எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்குப் போய் கிராண்ட் டிரங்க், அப்புறம் இட்டார்சியில் இறங்கி வேறு வண்டி. ஏழு பேர், இரண்டு படுக்கைச் சுருட்டு, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கூஜா, புளிசாதம் ஒரு தூக்கு, தயிர்சாதம் ஒரு தூக்கு. ஏறும்போதும் இறங்கும்போதும் அப்பா தலை எண்ணுவார். தொட்டு எண்ண வேண்டும் அவருக்கு. ஒன்று என்று அப்பாயி தோளைத் தொட்டு, ஆறு என்று என் உச்சந்தலையில் முடியும். இட்டார்சியில் ராத்திரி, தூக்கக் கலக்கம், பிளாட்பாரம் நிறையக் கூட்டம். எண்ணினார், ஆறு. பாஸை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார், ஏழு. மறுபடி எண்ணினார், ஆறு. "யாரைடா விட்டோம்" என்று இறங்கின பெட்டிக்குள் பாய்ந்து ஏறிவிட்டார். ஆற்றைக் கடந்துவிட்டுத் தலை எண்ணிய சீடர்கள் கதை நமக்கெல்லாம் தெரியும், ஆனால் நடு ராத்திரியில் அது யாருக்கு ஞாபகம் வரும்? அப்பாயிக்கு வந்தது. கண் தெரியாவிட்டாலும் குரல் கணீரென்று இருக்கும். "டேய், ஏழாவது நீதான்டா, எறங்கு கீழ" என்றாள். வண்டி ஊத ஆரம்பித்திருந்தது. குதித்து இறங்கினார். கங்கை எப்படி இருந்தது என்று எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. ஒன்பது வயது. பாஸைப் பல்லில் கவ்விக்கொண்டு அப்பா குதித்தது மட்டும் அப்படியே இருக்கிறது.

இனி எழுதப் போவதை எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். எழுது, ஆனால் ஒருபக்கமாக எழுதாதே என்றான். எப்படி எழுதினாலும் ஒருபக்கமாகத்தான் வரும்.

1974 மே 8-ஆம் தேதி ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. நாடு முழுக்க, ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில், சுமார் 17 லட்சம் தொழிலாளர்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் பாதி வீட்டு ஆண்கள் தலைமறைவு. போலீஸ் வரும் என்று பயம், வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். பக்கத்து வீட்டு மாமா அப்பாவோடு ஒரே கவுண்டரில் பதினைந்து வருஷம் உட்கார்ந்தவர். பொங்கல், தீபாவளிக்கு இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. அவர் ஸ்டிரைக்கில் போனார், மூன்றாம் நாளே பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பா வேலைக்குப் போனார்.

ஓடின வண்டிகள் சொற்பம். கூட்டமில்லாத ஜன்னலுக்குப் பின்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். நாலு பிள்ளைகள், கண் தெரியாத தாய், அப்போதுதான் எழுந்து நடமாட ஆரம்பித்த மனைவி. காரணம் இல்லாமல் இல்லை. மாமாவுக்கும் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வாரம் அம்மா ஒரு படி அரிசியைப் பாத்திரத்தில் போட்டு அவர்கள் வீட்டுக் கொல்லைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தாள். காலையில் எங்கள் கொல்லைத் திண்ணையில் இருந்தது, அரிசி அப்படியே. மேலே மூடியிருந்த தட்டைக்கூட எடுத்திருக்கவில்லை. மே 27-இல் ஸ்டிரைக் முடிந்தது. மாமாவுக்கு வேலை போனது. 1977-இல் ஜனதா ஆட்சி வந்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது, அதுவும் வேறு ஊரில். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. தொண்ணூறுகளில் மாமா இறந்த செய்தி வந்தபோது அப்பா பஸ் ஏறிப் போனார். தெருமுனைவரை போய், அங்கேயே ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். கூடப் போன அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர் என்று பந்தலில் எல்லோரும் சொன்னபோது எனக்கு அந்த அரிசிப் பாத்திரம்தான் கண்ணில் நின்றது. அப்பா செய்தது சரியா? தெரியாது. அந்த இருபது நாள் நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. மாமா வீட்டுப் பெண் என்னோடு ஒரே வகுப்பு. அதற்குப் பிறகு என் பக்கத்தில் உட்காரவில்லை.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை என்று நான் பார்த்தது ஒன்றே ஒன்று. அது இருபத்தோரு வருஷம் நடந்தது.

திருக்கடையூருக்கு ஏன் ஜனம் போகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த இடம். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் எல்லாம் அங்கேதான். தரங்கம்பாடி வண்டிக்கு அப்பா டிக்கெட் கொடுத்த காலத்தில் வயதான ஜோடிகள் பட்டும் மாலையுமாக, பின்னால் ஒரு பட்டாளத்தோடு கவுண்டருக்கு வருவார்களாம். "இன்னிக்கு மூணு ஜோடி, அதுல ஒரு தாத்தா பாட்டி கையை விடவே இல்ல" என்று வீட்டில் வந்து சொல்வார். அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள். "நமக்கும் அறுபது வரும்ல" என்பாள். "வரும் வரும், நமக்குப் பாஸே இருக்கு" என்பார்.

1986-இல் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். 1987-இல் அப்பா ரிட்டயர் ஆனார், அப்போதெல்லாம் 58. 1989-இல் அறுபது நிறைந்தது. பாஸ் செல்லுபடியாகிற வண்டி இல்லை, அதனால் என்ன, பஸ் இருக்கிறதே என்று அம்மா தயாராகத்தான் இருந்தாள். கிராஜுவிட்டியில் ஒதுக்கி வைத்த பணமும் இருந்தது. அந்த வருஷம் எனக்கு வரன் அமைந்தது.

அம்மா கழுத்தில் இரண்டாவது முறை ஏற வேண்டிய தாலிதான் என் கழுத்தில் ஏறியது. அப்பா யாரையும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தேதி சொல்லிவிட்டு வந்து, "அறுபதை வீட்டிலேயே ஒரு பாயசத்தோட முடிச்சுக்கலாம்" என்றார். அம்மா பாயசம் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு உறவில் யாருக்கு அறுபதாம் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் எடுத்து அப்பா சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். அவ்வளவுதான் சண்டை. 21 வருஷம் வைத்தாள்.

2010 வைகாசியில் எண்பதாம் கல்யாணம் நடந்தது. அப்பாவே முன்னால் நின்று நடத்திக்கொண்டார். விழுப்புரம் பாதை அகலப் பாதையாகி அந்த வருஷம்தான் திறந்திருந்தது. சில வருஷம் அந்தப் பாதையில் ரயிலே இல்லாமல் கிடந்த ஊருக்குச் சென்னை உறவெல்லாம் ரயிலில் வந்து இறங்கியது. அங்கிருந்து திருக்கடையூருக்கு மட்டும் வேன். செம்பனார்கோவில் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "இந்தப் பக்கம்தான் தண்டவாளம் போச்சு" என்றார். கருவேல மரங்கள்தான் தெரிந்தன.

கோவிலில் ஒரே மண்டபத்தில் பத்து ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு ஹோமகுண்டம். புகையில் யார் யாருக்குக் கல்யாணம் என்று தெரியவில்லை. "கடைமுகத்துக் கவுண்டர் மாதிரி இருக்கு" என்றார் அப்பா. கலச நீரைப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தலையில் ஊற்றினோம். அம்மா 74 வயதில் நனைந்த கூறைப்புடவையோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாலி கட்டும்போது அப்பாவின் விரல்கள் ஆடின. மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடும் வழக்கம் உண்டு. ஆனால் அப்பாவுக்குத் தங்கை இல்லை. எனவே மூன்றும் அவரே. போட்ட முடிச்சைப் பார்த்து எனக்கும் அக்காக்களுக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. அதே டிக்கெட் கட்டு முடிச்சு. அம்மாவும் தடவிப் பார்த்துவிட்டு, "இதை யார் அவுக்கிறது" என்றாள்.

திரும்பி வந்த அன்று ராத்திரி அம்மா ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் வைத்திருந்த பத்திரிகைக் கட்டை எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டாள்.

2014-இல் அம்மா போனாள். அப்பா அதற்கப்புறம் பத்து வருஷம் இருந்தார். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அண்ணன் வீட்டில் காலையில் பேப்பர், பத்து மணிக்கு ஒரு காபி, பேரன் போனில் வண்டி எங்கே வருகிறது என்று பார்ப்பது. வண்டி போகும் இடமெல்லாம் போனில் தெரிவது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நாங்கள் யார் எங்கே கிளம்பினாலும், "ஏறியாச்சா, எத்தனை பேரு?" என்று ஒரு போன். இறங்கியதும் இன்னொரு போன். காது கேட்காமல் போன பிறகும் போன் வரும். நாங்கள் சொல்வது கேட்காது, "சரி சரி" என்று வைத்துவிடுவார். 2020-இல் என் வீட்டுக்காரருக்கு அறுபது. கொரோனா, ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்கு மட்டும் போனில், "பாப்பா, நீ விடாத, எண்பதுக்காவது போயிடு" என்றார்.

கடைசி மூன்று நாள் நினைவு வந்து வந்து போனது. கட்டிலைச் சுற்றி நின்றவர்களை விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்கிறார் என்று அண்ணி ஸ்பூனைக் கொண்டுபோனாள். எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் பால் தெளித்து முடித்ததும் அஸ்தி கரைக்கப் பூம்புகாருக்கு ஒரு வேன் பிடித்தோம். காவேரி கடலில் கலக்கும் இடம். ஆளாளுக்கு ஏறி உட்கார்ந்தபின் அண்ணன் படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு தலை எண்ணினான். பதினெட்டு. டிரைவரிடம் பத்தொன்பது என்று சொல்லியிருந்தது. மறுபடி எண்ணினான். பதினெட்டு. "யாரு வரல?" என்று எல்லோரையும் ஒரு அதட்டல் போட்டுவிட்டு இறங்கி வீட்டுக்குள் தேடப் போனான். கொல்லைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

பெரியக்காதான் முதலில் சிரித்தாள். அப்புறம் சின்னக்கா. வேனுக்குள் இருந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. மடியில் மஞ்சள் துணி சுற்றிய கலயத்தை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக நான் கத்தினேன்: "அண்ணே, பத்தொன்பதாவது நீதான். வந்து ஏறு."